அக்கா தங்கை சலவையகம்

பெயர்ப்பலகையில் இருந்தது பொய். 'அக்கா தங்கை சலவையகம்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. அவர்கள் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்கு வந்த ஓரகத்திகள்.

"ஓரகத்தி சலவையகம்னு வெச்சா எவன் துணி போடுவான்? வேடிக்கை பாக்கத்தான் வருவான்" என்றாள் பெரியவள். அப்படி வந்த பெயர் அது.

இன்னொரு பொய்யும் இருந்தது. அது பலகையில் தெரியாது. உரிமத்தில் ஒரே பெயர்தான், பெரியவளுடையது. உரிமம் வாங்கப் போன அன்று சின்னவளுக்குப் பச்சை உடம்பு. குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "நீ படு. உன் பேரை அப்புறம் சேத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் மட்டும் போய் வந்தாள். அந்தக் குழந்தை இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறது. அப்புறம் மட்டும் இன்னும் வரவில்லை.

சின்னவள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

கடை ஒரு நீண்ட கூடம். ஜன்னலோரம் துணி பிரிக்கும் மேசை. எதிர்ச்சுவரில் இரண்டு சலவை மெஷின்கள். முதலாவது பழசாக வாங்கியது. இரண்டாவது சின்னவளின் வளையல்களை விற்று வந்தது. நடுவில் சூடான ரோலர். ஈர விரிப்பு ஒரு பக்கம் போகும், காய்ந்து மறுபக்கம் வரும். அதை ஓட்டுகிறவள் ரோலர்காரம்மா. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

பெரியவள் பிரிப்பாள், சின்னவள் மெஷினில் போடுவாள். ஹோட்டல் துணி மூட்டையாக வரும். வெள்ளை விரிப்புகளுக்குள் எது வேண்டுமானாலும் சுருண்டு கிடக்கும். பேனா, காலுறை, ஒருமுறை ஒரு பல்செட். நிறத்துணி கண்ணில் பட்டால் பெரியவள் கூவுவாள்.

"செவப்பு!"

"செவப்பு" என்று சின்னவள் திருப்பிச் சொல்வாள். சொன்ன பிறகுதான் பெரியவள் அந்தத் துணியைக் கையிலிருந்து விடுவாள். மெஷின் கதவைச் சாத்தும் முன் சின்னவள் கேட்பாள்: "வெள்ளையா?"

"வெள்ளை."

யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. ஒரு தடவை வெள்ளையில் சாயம் ஏறி, அதிலிருந்து தானாக வந்தது. நாள் முழுக்க இதே பேச்சுதான்.

"ரெண்டு கிளியை வெச்சு மேய்க்கிறேன்" என்பாள் ரோலர்காரம்மா.

ஹோட்டல் மேனேஜர் நல்ல செய்தியோடுதான் வந்தார். ஹோட்டலுக்கு மூன்று கிளைகள். மூன்றின் துணியையும் இவர்களிடமே தரத் தயார். ஆனால் தலைமை அலுவலகத்தில் ஒரு நிபந்தனை. தனி ஆளோடு ஒப்பந்தம் போட மாட்டார்கள். நாளைக்கு அந்த ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டால் துணிக்கு யார் பொறுப்பு?

"முறையா ஒரு நிறுவனமாப் பதிஞ்சுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் அன்று வேலை செய்துகொண்டே பாடினாள். மெஷின் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்து ரோலர்காரம்மா, "என்ன, கப்பல்ல இருந்து தந்தி வந்துச்சா?" என்றாள். சின்னவளின் கணவனுக்குக் கப்பலில் வேலை.

"இல்ல. என் பேரு வரப்போகுது."

*

ஆடிட்டரின் அறை டயர் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி வரைக்கும் ரப்பர் வாடை. ஆடிட்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற பெண்மணி. காகிதம் எதையும் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைக்கு உங்க கடையில ஊரான் துணி எரிஞ்சுபோகுது. பெரிய நஷ்டம். குடுக்கக் கடையில காசு இல்ல. அவங்க யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க?"

ஓரகத்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுதான் விஷயமே. மத்ததெல்லாம் பேருதான். இப்ப உங்க கடை தனி ஆள் கடை. கடையும் நீங்களும் ஒண்ணு." ஆடிட்டர் பெரியவளைப் பார்த்தார். "லாபம் முழுசும் உங்களுது. நீங்க வெச்சதுதான் சட்டம். ஆனா கதவைத் தட்டினா உங்க வீட்டுக் கதவுதான். கடைக்காக வீடும் போகும்."

"சரி" என்றாள் பெரியவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரெண்டாவது, கூட்டு. ரெண்டு பேரும் பங்காளி. உழைப்பும் பங்கு, லாபமும் பங்கு. ஆனா தட்டறதுக்கு ரெண்டு கதவு. எந்தக் கதவு முதல்ல திறக்குதோ, முழு நஷ்டத்தையும் அங்கேயே கேக்கலாம். பாதி என்னுது, மீதியை அவகிட்டக் கேளுன்னு சொல்ல முடியாது. ஒருத்தர் போட்ட கையெழுத்து இன்னொருத்தரையும் கட்டும்."

பெரியவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"மூணாவது, கம்பெனி. கம்பெனின்னா அது ஒரு தனி ஆள் மாதிரி. அதுக்குன்னு ஒரு கதவு உண்டு. அதைத்தான் தட்டணும். நீங்க போட்ட பணம் போகும், வீடு போகாது. பேங்குல கடன் வாங்கறப்போ உங்க வீட்டையே ஜாமீனா எழுதிக் குடுத்தா அது வேற கதை. பங்கு யாருக்கு எவ்வளவுன்னு முதல்லயே எழுதிடணும். வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் பண்ணணும். அதுக்கு எனக்கு பீஸ் உண்டு. அதுக்காகத்தான் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க."

"கூட்டே போட்டுக்கலாமே அக்கா" என்றாள் சின்னவள். "பாதிப் பாதி. பத்திரம் எழுதினா முடிஞ்சுது."

"பத்திரம்கூட வேணாம்" என்றார் ஆடிட்டர். "ரெண்டு பேர் சேர்ந்து தொழில் பண்ணி லாபத்தைப் பிரிச்சுக்கிட்டா அது கூட்டுதான். வெளியில நாங்க ரெண்டு பேரும் முதலாளின்னு சொல்லி, அதை ஒருத்தர் நம்பிட்டா, அப்புறம் இல்லன்னு நழுவ முடியாது."

"எழுதாமலேயா?"

"பத்திரிகை அடிக்கலைன்னா கல்யாணம் இல்லைன்னு ஆயிடுமா?"

"கூட்டு வேணாம்" என்றாள் பெரியவள். வெட்டிப் போட்டது போல் இருந்தது. "கம்பெனி போடுங்க. தொண்ணூறு எனக்கு. பத்து இவளுக்கு."

ஆடிட்டர் கண்ணாடியை இறக்கிக் கண்ணுக்கு வைத்துக்கொண்டார்.

"கம்பெனின்னா ரெண்டு பேராவது இருக்கணுமாமே. அதுக்குத்தான்" என்றாள் பெரியவள்.

அதுக்குத்தான். சின்னவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கும்போதும் பேருந்திலும் அது கூடவே வந்தது.

"ஒப்புக்குச் சப்பாணியா அக்கா நான்?" என்று கடைசியில் கேட்டுவிட்டாள்.

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "உனக்கு எதுக்குடி அந்தச் சுமை? பேசாம வா."

சின்னவள் பேசாமல் வந்தாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பேசவில்லை.

பெரியவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று சின்னவளுக்குத் தெரியாமல் இல்லை. பெரியவளின் கணவன் முன்பு சிமெண்ட் கடை வைத்திருந்தான். சிநேகிதனோடு கூட்டு. சிநேகிதன் எங்கெங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு நாள் காணாமல் போனான். வந்தவர்கள் இவன் கதவைத் தட்டினார்கள். வீடு போனது. பெரியவள் கணவனோடும் இரண்டு பெட்டிகளோடும் சின்னவளின் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். நடுவில் ஒரு திரையைக் கட்டி இரண்டு குடும்பமும் படுத்தார்கள். சிமெண்ட் கடைக்காரன் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். பெரியவள் எலி வளையானாலும் தனி வளை என்று மறுபடி ஒரு சிறிய வீடு வாங்கியிருக்கிறாள்.

சூடு கண்ட பூனை. சரி. ஆனால் நானா சூடு? சின்னவளால் அதைத்தான் விழுங்க முடியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இடம் விட்டவள் நான். எனக்குப் பத்து.

*

பேச்சு நின்றாலும் வேலை நிற்கவில்லை. செய்தியெல்லாம் ரோலர்காரம்மா வழியாகப் போனது.

"சோப்புத்தூள் தீந்துபோச்சுன்னு சொல்லு."

"வாங்கி வெச்சாச்சுன்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்றாள் ரோலர்காரம்மா. "ரெண்டு பேருக்கும் நடுவுல பத்தடி தூரம். வாயைத் தொறந்தா முத்தா கொட்டிடும்?"

இருவரும் துணியைத்தான் பார்த்தார்கள்.

ரோலர்காரம்மா விரிப்பை ரோலரில் செலுத்திக்கொண்டே சொன்னாள். "ஒரு வழி சொல்றேன். எங்க ஊரு பால்காரங்க மாதிரி இதையும் கூட்டுறவு சங்கமா ஆக்கிடுங்க. நானும் ஒரு முதலாளி, துணி தூக்கறவனும் ஒரு முதலாளி. பெரிய பங்கு சின்னப் பங்கு கிடையாது. ஆளுக்கு ஒரு ஓட்டு."

"எல்லாரும் முதலாளின்னா துணியை யாரு பிழியறது?" என்றாள் பெரியவள்.

"இப்ப மட்டும் யாரு பிழியறா? நாங்கதானே?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அந்த நாட்களில் சின்னவள் சுவரில் இருந்த இரண்டு ஆணிகளில் முனைகளை மாட்டித் தனியாக மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். பிரித்துத் தானே தனியாக மடித்தாள். அதுவும் கோணல்தான்.

வியாழக்கிழமை ஹோட்டலின் புது விரிப்புகள் வந்தன. மூன்று கிளைக்கும் முன்னோட்டமாக மேனேஜர் அனுப்பிய மூட்டை. உறையிலிருந்து அப்போதுதான் பிரித்தவை. பெரியவள் பிரித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு ஏப்ரன் கிடந்தது. ஹோட்டல் சமையல்காரனுடையது. மிளகாய்ச் சிவப்பு, அதுவும் புதுசு.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நான் ஏன் முதலில் பேச வேண்டும்? ஏப்ரனை, பிரித்த துணியை மெஷினுக்குத் தள்ளும் வண்டியின் விளிம்பில், நன்றாகத் தெரிகிற மாதிரி தொங்கவிட்டாள். கண் இருக்கிறதே, பார்க்கட்டும்.

சின்னவள் பார்க்கவில்லை. பெரியவள் பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது என்று விரதம். கையை நீட்டி வண்டியிலிருந்ததை ஒரே அள்ளாக அள்ளி மெஷினில் திணித்தாள். கதவைச் சாத்தும்போது 'வெள்ளையா' நாக்கு நுனிவரை வந்தது. அவளும் அதை விழுங்கினாள். கொதிநீரைத் திறந்துவிட்டாள்.

மெஷின் நின்றபோது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏதோ சரியில்லை. விளக்கு வெளிச்சத்தில்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தாள். கதவைத் திறந்தாள்.

அத்தனையும் ரோஜா நிறம். சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் வெளிறி. அதற்கு நடுவில் ஏப்ரன் பாவம் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஐயோ" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு, ரோலர்காரம்மாவிடம் சொல்லாமல் பெரியவள் காதில் விழுந்த அவளுடைய முதல் சொல் அது.

ப்ளீச் போட்டார்கள். மறுபடி கொதிக்க வைத்தார்கள். ஊற வைத்தார்கள். ரோஜா கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. திட்டுத் திட்டாக நின்றது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பாதித் தப்பு கூவாத வாயுடையது. மீதிப் பாதி கேட்காத வாயுடையது.

*

மறுநாள் மேனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார். பெரியவள் காலையிலேயே வந்து, விரிப்புகளை மேசைமேல் அடுக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் உள்ளே வந்ததும் நிமிர்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ."

"என்னது?"

"அவர் வந்துட்டுப் போற வரைக்கும் வராத. எல்லாம் புது விரிப்பு. எவ்வளவு கேப்பாங்களோ தெரியல. உரிமத்துல என் பேருதான் இருக்கு. உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நீ இங்க வேலை பாக்கறவ. அவ்வளவுதான்."

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, இன்று குடை மாதிரி அவள் தலைக்கு மேல் விரிந்து நின்றது. அதற்கடியில் அவள் நனையாமல் போய்விடலாம்.

"இதுக்குத்தான் பத்தா?" என்று கேட்டாள்.

பெரியவள் ஒரு விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"இதுக்கும்தான். உன் வீட்டுக் கதவையும் எவனாவது தட்டிடப் போறான்னு பயம். நாங்க நடுத்தெருவுல நின்னப்போ திறந்த கதவு அது. ஆனா அது மட்டும்னு சொன்னா பொய். பாதி குடுத்தா பாதிக் கடை என் கையை விட்டுப் போயிடும்னும் நெனச்சேன். எல்லாம் போய் மறுபடி கையில கிடைச்சது இது ஒண்ணுதான். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"என் கையும் அதுலதானே அக்கா இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றாள் பெரியவள். "போ. அவர் வந்துடப் போறார்."

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. சின்னவள் போகவில்லை.

மேனேஜர் விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தார். கத்துகிற ஆள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "புதுசும்மா எல்லாம்" என்று மட்டும் சொன்னார். விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, "இதை நான் மேல சொல்லியாகணும். இதுக்கு யார் பொறுப்பு? முதலாளி யாரு, அவங்க ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார்.

"நான்தான்" என்றாள் பெரியவள். "இவ வேலைக்கு இருக்கறவ. இவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சின்னவளுக்குத் தன் வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. பச்சைக் கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திறக்காது. தோளால் இடிக்க வேண்டும். தட்டுகிறவன் நன்றாகவே தட்ட வேண்டியிருக்கும். ஆடிட்டர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. வாயைவிட்டு ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு நழுவ முடியாது.

"சார், வெளியில போர்டைப் படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேனே. அக்கா தங்கை."

"அதுல அக்கா இவங்க. தங்கை நான். கடை ரெண்டு பேருக்கும்தான். துணியைக் கெடுத்ததும் ரெண்டு பேரும்தான். பேனாவை இப்படிக் குடுங்க."

"ஏய்" என்றாள் பெரியவள். "என்னடி பேசற நீ?"

"எழுதாட்டியும் கூட்டுதான். ஆடிட்டரம்மா சொன்னாங்க இல்ல?"

ரோலர்காரம்மா ரோலரை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதத்தை மேசையில் வைத்தார். பெரியவள் போட்டாள். அதற்குக் கீழே சின்னவள் போட்டாள். கடைக் காகிதம் எதிலும் அவள் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் நஷ்டத்துக்கு.

"மூணு கிளையும் இப்போதைக்கு முடியாதும்மா" என்றார் மேனேஜர், போகும்போது. "இப்ப இருக்கிற ஒண்ணைப் பாருங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

"அப்புறம்" என்றாள் சின்னவள், பெரியவளைப் பார்த்து. பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சின்னவள் கிட்டே போய்ப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

நஷ்டத்தை ஆறு தவணையாகக் கட்ட ஹோட்டல் ஒப்புக்கொண்டது. ரோஜா விரிப்புகள் இவர்களுக்கே என்று ஆயின. ரோலர்காரம்மா இரண்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது என் கூட்டுறவுப் பங்கு" என்றாள்.

*

டயர் கடைக்கு மேலே மறுபடி ரப்பர் வாடை. ஆடிட்டர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கூட்டு ஆயிடுச்சு. இனி பத்திரம் எழுதிட வேண்டியதுதான்."

"வேணாம்" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"கம்பெனியே போடுங்க. இவளுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. ரெண்டு கதவையும் யாரும் தட்டக் கூடாது. பங்கு மட்டும் பாதிப் பாதி."

ஆடிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பாதிப் பாதியில ஒரு சிக்கல் இருக்கும்மா. முன்னாடியே சொல்லிடறேன். ஒருத்தருக்கு ஒரு பங்கு கூட இருந்தா அவங்க சொல்றது நடக்கும். ரெண்டும் சமமா இருந்து, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா, ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஒண்ணுமே நடக்காது."

"நடக்கும்" என்றாள் பெரியவள். "துணி செவந்துபோகும்."

ஆடிட்டருக்கு உடனே புரியவில்லை. சின்னவளுக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, கம்பெனிக்குப் பேரு?" என்று ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "போர்டுல இருக்கிறதே வெச்சுக்கலாமா? முறைப்படி நீங்க ஓரகத்திங்க இல்ல?"

"இருக்கட்டும்மா" என்றாள் சின்னவள். "அதையே எழுதுங்க."